பெர்மெத்தின் கோட்டுப் பை

நகர அளவிலான வேதியியல் போட்டியில் பெர்மெத் இரண்டாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறிய விழா வைத்தார்கள். அவளை மேடையேற்றி ஒரு சான்றிதழும், அட்டைப்பெட்டியில் வைத்த மின்சாரக் கெட்டில் ஒன்றும் கொடுத்தார்கள். கைதட்டிய பிள்ளைகள் பக்கம் அவள் பார்க்கவேயில்லை. கண் மண்டபத்து வாசலிலேயே இருந்தது. அம்மா வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அம்மா வரத்தான் செய்தாள். திறந்திருந்த வாசலுக்கு வெளியே அவளுடைய பச்சைத் தலைத்துணி தெரிந்தது. ஆனால் அது நிற்கவில்லை. மண்டபத்தைத் தாண்டி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ரோசா எஜேயின் அறைக்குள் போய் மறைந்தது. எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா. ரோசா எஜே பாடம் நடத்துபவர் இல்லை. வம்பில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் கவனிப்பதுதான் அவருக்கு வேலை. பெர்மெத்துக்காக அந்த அறைக்கு யாரும் ஒருநாளும் போனதில்லை.

பெர்மெத்தின் அம்மா குல்சைராவும் நானும் கிர்கிஸ்தானில் பிஷ்கெக் நகரத்து ஓரத்தில் ஒரே தெருவில் இருக்கிறோம். ஒரே தையல் பட்டறையில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து ரஷ்யச் சந்தைக்கு கவுன் தைத்தவர்கள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் என் கண்ணெதிரே வளர்ந்தவை. பெர்மெத் பதினொன்றாம் வகுப்பு, தம்பி உலான் பத்தாம் வகுப்பு. அவர்கள் அப்பா ஜோல்தோஷ் ரஷ்யாவில் யெகாதெரின்பர்க்கில் கட்டட வேலை பார்த்தார், ஊருக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. நான் சொல்லப்போவதில் பாதி நானே பார்த்தது. மீதி, பெர்மெத் பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது.

அன்று காலை புவியியல் வகுப்பில் உலான் மேஜைமேல் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. ஆசிரியை உலுக்கியபோது நாக்குக் குழறியது. நிற்க வைத்தால் கால் துவண்டது. பென்சில் பையைத் திறந்து பார்த்தால் பென்சில்களோடு கேப்ஸ்யூல்கள் கிடந்தன. நரம்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து அது. பையன்கள் அதைப் போதைக்காகச் சாப்பிட ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகும் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

குல்சைரா அந்த அறையில் அழவில்லையாம். நான் மோப்பம் பிடிக்காமலா இருந்தேன், சிகரெட் வாடை இல்லை, சாராய வாடை இல்லை, எப்படித் தெரியாமல் போயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். ரோசா எஜே அவளுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கராஜ்களுக்குப் பின்னால் பையன்கள் பசையை மோந்தார்களாம். பிறகு உதட்டுக்கடியில் நஸ்வாய்ப் புகையிலையை ஒதுக்கினார்கள். அப்புறம் ஏதோ மூலிகைக் கலவையைப் புகைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதெல்லாம் தாய்மார்களுக்கு மூக்கு போதும். இப்போதோ கேப்ஸ்யூல், இல்லையென்றால் ஃபோனில் சொல்லிவைத்து எங்கோ மரத்தடியில் தோண்டியெடுக்கிற பொடி. எதற்கும் வாடை கிடையாது. பொம்பளைப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். நன்றாகப் படிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மூக்கை நம்பாதீர்கள், கண்ணைப் பாருங்கள் என்றாராம்.

குல்சைரா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாளே பட்டறைக்கு வந்து தன் கத்தரிக்கோலையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டாள். இனிமேல் வீட்டிலிருந்தே தைக்கிறேன், பையனைத் தனியே விட முடியாது என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். கூலி பாதிதான் கிடைக்கும் என்றார்கள். சரி என்றாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெர்மெத், ஜன்னலோரம் போட்டிருந்த மெஷினைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டாளாம். சின்ன வயதில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா இரண்டு ஷிஃப்டும் பார்க்கப் போனாள். வீட்டில் இரு என்று அழுத பெண்ணிடம், நீ பெரிய பொண்ணு, புரிஞ்சுக்க என்றாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். யாருக்காக என்று தெரிந்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. கெட்டிலைப் பெட்டியோடு அலமாரியின் மேல் தூக்கி வைத்தாள். அது யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாம் உலானைச் சுற்றித்தான் நடந்தது. காலையில் அம்மா அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, "கண்ணக் காட்டு" என்பாள். பள்ளிவரை கூடவே போவாள், மதியம் வாசலில் போய் நிற்பாள். கையலம்பப் போனாலும் பின்னாலேயே போவாள். அவனுக்குப் பிடித்தது என்று இறைச்சி வைத்த மந்திக் கொழுக்கட்டை வேகவைப்பாள், போர்சோக் மாவுத்துண்டு பொரிப்பாள். முன்பெல்லாம் விருந்துக்குத்தான் அந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறும். பெர்மெத்தும் அதே மந்தியைத்தான் சாப்பிட்டாள். ஆனால் தனக்காக வெந்ததில்லை என்று தெரிந்து சாப்பிட்டாள்.

அவளுக்குத் தம்பிமேல் பயம் இல்லாமல் இல்லை. பக்கத்துத் தெரு அர்த்யோம் என்ற பையன் அந்தக் குளிர்காலத்தில்தான் மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்தான். பிழைத்துவிட்டான், ஆனால் இன்னும் வாய் கோணித்தான் பேசுகிறான். உலானுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அவள் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த நினைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வரும்: நான் விழுந்திருந்தால்? அம்மா எந்தக் கோலத்தில் ஓடிவருவாள், யாரிடம் என்ன சொல்லி அழுவாள் என்று ஒரு படம் மாதிரி ஓட்டிப் பார்ப்பாளாம். பார்த்துவிட்டு வெட்கப்படுவாள். மறுநாளும் பார்ப்பாள்.

பிறகு ஜோல்தோஷ் வந்தார்.

பெர்மெத்தின் பள்ளி விழா எதற்கும் அவர் வந்தது கிடையாது. சபாஷ் மகளே என்று ஃபோனில் குரல் பதிந்து அனுப்புவார், பின்னால் கான்கிரீட் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். விடுப்பு கேட்டால் வேலை போய்விடும் என்பார், அதை அவளும் நம்பினாள். உலான் விஷயம் காதில் விழுந்ததும் வேலையை உதறிவிட்டு ரயிலேறினார். கதவைத் திறந்தது பெர்மெத்தான். அவர் அவள் நெற்றியில் முத்தமிட்டார், அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "எங்க அவன்?" என்றார்.

மகனுக்கு ஒரு தோல் ஜாக்கெட் கொண்டுவந்திருந்தார். மகளுக்குச் சாக்லேட். அவள் வயதை மறந்துவிட்டாரோ என்னவோ, கரடி படம் போட்ட பொட்டலம்.

அவர் மகனை அடிக்கவில்லை. யாரோ அவரிடம், அப்பன் பக்கத்தில் இல்லாததால்தான் பையன் இப்படி ஆனான் என்று சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போன வருஷங்களை ஒரே மாதத்தில் கொடுத்துவிடப் பார்த்தார். தன் தம்பி மகனின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உலானை இஸ்ஸிக்-அதா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அப்பாவும் பிள்ளையும் மட்டும் போய், குளித்து, பக்கத்து ஆற்றில் மீன் பிடித்து, பேசிவிட்டு வருவதாக ஏற்பாடு.

பெர்மெத் கோட்டைக் கூட எடுத்துவிட்டாள். "நானும் வரேம்ப்பா" என்றாள்.

"உனக்குப் பரீட்சை இருக்கே கண்ணு. நீ பொறுப்பான பொண்ணு. அம்மாவுக்குத் துணையா இரு."

கார் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றாள். முன் சீட்டில் உலானின் தலை தெரிந்தது. புது ஜாக்கெட்டின் காலரை உயர்த்திவிட்டிருந்தான். நான் அப்போது என் வாசலில் கால்வாய்க் குப்பையை வாரிக்கொண்டிருந்தேன். முகம் ஏன் சுண்டிப்போயிருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல எஜே. இந்த வீட்ல நல்லவளா இருந்தா நாதியில்ல" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவர்கள் ஊற்றுக்குப் போயிருந்த அன்றுதான் பெர்மெத் நிலக்கரிக் கொட்டகையைக் கூட்டப் போனாள். மூலையில் பழைய கம்பளி பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. எலி இருக்குமோ என்று கவிழ்த்தாள். ஒரு கேப்ஸ்யூல் அட்டை விழுந்தது. இன்னும் பிரிக்காத அட்டை.

உடனே அம்மாவிடம் ஓடவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியதாம். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அப்பா திரும்பி வருவார், எல்லோரும் உலானைச் சுற்றி உட்காருவார்கள். இன்னும் ஒரு மாதம், இன்னும் கொஞ்சம் மந்தி. கண்டுபிடித்துக் கொடுத்தவளை, நல்ல பொண்ணு என்று சொல்லிப் படிக்க அனுப்பிவிடுவார்கள்.

அட்டையிலிருந்து ஒன்றை மட்டும் பிதுக்கி எடுத்துக்கொண்டாள். மற்றதைக் கொல்லைக் கழிப்பறைக் குழியில் போட்டாள். அந்த ஒன்றைத் தன் கோட்டின் உள் பையில் வைத்தாள். துவைக்கும் முன் எல்லோருடைய பைகளையும் அம்மா வெளியே இழுத்துப் பார்க்கிற காலம் அது. அழுக்குக்கூடையில் கோட்டைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். பேச்சை இழுத்தாள். தேநீர்க் கிண்ணத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊற்றிலிருந்து திரும்பியிருந்த அப்பாவும் உலானும் மீன் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடிப்பை யாரும் பார்க்கவில்லை.

மதியம் அம்மா கோட்டைக் கையில் எடுத்தாள்.

பெர்மெத் உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டதாம், பரிசு வாங்க மேடையேறுவதற்கு முன்னால்கூட அப்படி அடிக்கவில்லையாம். வெளியே தண்ணீர் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அம்மாவின் காலடி வந்தது. அவள் அறை வாசலுக்கு வந்தது. தாண்டிப் போனது.

"அக்காவோட கோட்டுல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிற அளவுக்கு வந்துட்டியாடா?"

பெர்மெத் எழுந்து ஓடினாள். கூடத்தில் உலான் சுவரோடு சாய்ந்து நின்றான். அம்மாவின் உள்ளங்கையில் அந்தக் கேப்ஸ்யூல் இருந்தது. அப்பா வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். உலான் முதலில் கேப்ஸ்யூலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான், வெகுநேரம். 

"என்னோடதுதான்" என்றான்.

ஜோல்தோஷ் கை ஓங்கிவிட்டார். குல்சைரா நடுவில் புகுந்ததால் அடி அவள் தோளில் விழுந்தது. பிறகு அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி என்னால் முடியாது, அந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்றார். ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருந்தது. போதைப் பிள்ளைகளைப் பூட்டிவைத்துத் திருத்துகிறோம் என்பார்கள். ஃபோன் கிடையாது, வீட்டார் பார்க்கக் கூடாது. அடிப்பார்கள் என்றும் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றும் பேச்சு உண்டு. சொந்தக்காரர் ஒருவர் முதலிலேயே யோசனை சொன்னபோது, என் பையன் என்ன மாடா, கட்டிப்போட என்று சண்டைக்குப் போனவர் ஜோல்தோஷ். இப்போது அவரே ஃபோன் போட்டார். நாளைக் காலையில் கூட்டிவரச் சொன்னார்கள்.

பெர்மெத் வாயைத் திறக்கவில்லை. தொண்டை அடைத்துவிட்டது என்றாள் என்னிடம். கொஞ்சம் பொறுத்து, அதுவும் பொய், திறந்திருக்கலாம் என்றாள்.

சாயங்காலம் அவள் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். உலான் கொட்டகைப் பக்கமிருந்து வேகமாக வந்தான். அவள் தோளைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினான்.

"மிச்சமெல்லாம் எங்க எஜே? முழுங்கிட்டியா?"

அவன் அவள் தாடையைப் பிடித்து, மறைகிற வெயிலுக்குத் திருப்பி, கண்ணுக்குள் பார்த்தான். அம்மா தினமும் அவனிடம் செய்வதைத்தான் செய்தான். 

"எத்தன சாப்ட? சொல்லு. மொத தடவ அவ்வளவு போட்டா மூச்சு நின்னுடும். அர்த்யோமைப் பாத்தேல்ல? வா, அம்மாகிட்ட சொல்லுவோம். அடிச்சா என்னைய அடிக்கட்டும்."

"ஒண்ணுகூட சாப்பிடல. குழியில போட்டுட்டேன்."

"அப்ப கோட்டுல?"

"நான்தான் வச்சேன். அம்மா பாக்கணும்னு."

அவனுக்கு அது விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் கையை எடுத்துக்கொண்டான். கோழிகள் காலைச் சுற்றின. அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

அந்த அட்டை பழசு என்று அவன் சொன்னான். பள்ளியில் மாட்டுவதற்கு முன்னால் வைத்தது. தினமும் கொட்டகைக்குப் போய் பூட்ஸைத் தொட்டுப் பார்ப்பானாம், எடுக்காமல் திரும்பி வருவானாம். அது அங்கே இருக்கிறது, ஆனாலும் நான் எடுக்கவில்லை என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பிடிமானம். இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? இன்று காணோம் என்றதும் தலை சுற்றியிருக்கிறது. கோட்டுப் பையில் ஒன்று கிடைத்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான்.

"உனக்கு என்ன கேடு எஜே?" என்றான் பிறகு. "நீ எங்க போற, என்ன பண்றன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. என்னைய நம்பி கக்கூசுக்குக்கூட விடமாட்டேங்கறாங்க. அவங்க பாக்கறதுதான் வேணும்னா எல்லாத்தையும் நீயே எடுத்துக்க."

"உனக்காக அப்பா வந்தாரு."

"எனக்காக வரல. என்னால வந்தாரு. கார்ல போறப்ப வழியெல்லாம் என்ன பேசுனாருன்னு நெனைக்கற? பெர்மெத்தப் பாரு, பெர்மெத்தப் பாரு. மீன் பிடிக்கறப்பயும் அதே பாட்டு. மீனு சிக்குனதே பெரிசு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அந்தக் காரில் நான் இருந்தேனா, பேச்சிலாவது இருந்தேனா என்று ஒரு சின்னக் குளிர்ச்சியும் வந்தது. இந்த நேரத்திலும் தனக்கு அதுதான் தோன்றுகிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்ததாம்.

நாளைக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றான். சொன்னால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள், ஒருத்தராவது பரீட்சை எழுதட்டும் என்றான். அந்த இடத்துக்குப் போகப் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். அவன் எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

காலையில் உலானின் துணிப்பை வாசலில் இருந்தது. குல்சைரா அதற்குள் ரொட்டியையும் ஜாம் பாட்டிலையும் வைத்துவிட்டு, பாட்டில் விடமாட்டார்களோ என்று வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தாள். ஜோல்தோஷ் நின்றபடியே தேநீர் குடித்தார்.

பெர்மெத் வந்து அவர் எதிரில் நின்றாள். "அப்பா, அந்த கேப்ஸ்யூல என் பையில வச்சது நான்தான். உலானுக்குத் தெரியாது."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கியது. கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார். "தம்பிய விட்டுக்கொடுக்க மனசு வரல உனக்கு. எனக்குத் தெரியும்டா."

"இல்லப்பா, நெசமாவே நான்தான்."

"அவன் பழிய நீ ஏத்துக்கணும்னு இல்ல. நீ பொறுப்பான பொண்ணு. போ, போய்ப் படி."

தப்பு செய்தேன் என்று சொன்னால்கூட அந்த வீட்டில் அது அவளுக்கு நல்ல பெயராகத்தான் போய் முடிந்தது. இந்தக் கட்டத்தில்தான் அவளுக்குக் கட்டு அறுந்தது. அவள் குரல் என் வீடுவரை கேட்டது. நான் ஈரக்கையோடு முற்றத்தில் நின்றேன்.

"என்னைப் பொறுப்பானவன்னு சொல்லாதீங்க! எனக்குக் காமாலை வந்தப்ப அம்மா ஷிஃப்டுக்குப் போனாங்க. எனக்குப் பரிசு குடுத்தப்ப ஹாலுக்குள்ளகூட வரல. நீங்க ஒரு தடவையாவது எனக்காக ரயில் ஏறியிருக்கீங்களா? அவன் மாத்திரை முழுங்குனதுக்கு வந்துட்டீங்க. முழுங்குனாத்தான் பாப்பீங்கன்னா சொல்லுங்க, நானும் முழுங்கறேன். அதுக்குத்தான் வச்சேன். எனக்குப் பொறாமை. அவன்மேல பொறாமை. அவன் விழுந்து கெடக்கறான், அவனப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்கு. இவதான் உங்க நல்ல பொண்ணு."

ஜோல்தோஷ் மகனைப் பார்த்தார். உலான் தலையைக் குனிந்துகொண்டான். நம்பவைக்க அதுவே போதும்.

குல்சைரா ஜாம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் வந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். தின்றாயா, ஒன்றாவது தின்றாயா என்று கேட்டாள். இல்லை என்றாள். மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றாள். எத்தனையோ நாளாக அவள் ஏங்கிய பார்வை அது. கிடைத்தபோது தாங்க முடியவில்லை என்று பெர்மெத் சொன்னாள். திருடு போன வீட்டில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்கிறவள் மாதிரி அம்மா கண்ணுக்குள் துழாவினாளாம். உலான் தினமும் காலையில் எதன்முன் நின்றான் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

"நீ விழமாட்டேன்னு நெனச்சுட்டேன்டி" என்றாள் குல்சைரா. "ரெண்டு கையும் அவனப் பிடிச்சிட்டிருந்துச்சு. நீ நின்னுப்பன்னு விட்டுட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகன் விஷயம் வெளிப்பட்ட நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஜோல்தோஷ் வெளியே போய் வாய்க்கால் ஓரம் நின்று சிகரெட் பிடித்தார். என்னைப் பார்த்ததும், வானம் வெளுத்துவிட்டது என்றார். ஆமாம் என்றேன்.

விடுதிக்கு உலான் போகவில்லை. அதற்குப் பதிலாக ரோசா எஜே சொன்ன அரசு மருத்துவமனைக்கு, தினமும் போய்த் திரும்புகிற சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். முதல்நாள் குல்சைரா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனாள். மகள் சத்தியம் செய்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை, சோதனை செய்தே ஆகவேண்டும் என்றாள். சிறுநீருக்கான பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வேதியியல் பரிசு வாங்கியவள் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றாள். அர்த்யோம் வயதுப் பையன்கள், அவர்களைவிடச் சின்னவர்கள், நகச்சாயம் பூசிய இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு தாய். உலான் அவள் காதில், "எஜே, இந்தப் பரீட்சையிலயாவது ஃபெயிலாகு" என்றான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாய்மார்கள் முறைத்தார்கள்.

டாக்டரம்மா உலானைப்பற்றி அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். திடீரென்று நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், உடம்பு கேட்கும், மனசு கேட்கும், அடிக்கடி வரவேண்டும் என்றார். பெர்மெத்தின் சோதனையைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, போகலாம் என்றார். ஒன்றுமில்லை என்ற சொல் அவளுக்குள் பழைய இடத்திலேயே போய்த் தைத்தது. அது சட்டென்று போய்விடுகிற வியாதி இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன் என்றாள்.

உலான் மே மாதக் கடைசியில் ஒருமுறை வழுக்கினான். அன்று அவனே அக்காவிடம் வந்து சொன்னான், அவள் அம்மாவிடம் சொன்னாள். இருவருமே அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோல்தோஷ் கோடை முடிந்ததும் மறுபடி ரயிலேறினார். வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் மகளை மட்டும் டவுனுக்குக் கூட்டிப்போய் லக்மான் நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்தார். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. வேதியியல் என்றால் என்ன, அதில் என்ன படிப்பாய் என்று கேட்டாராம். அவள் சொல்லச் சொல்லக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம், ஒன்றும் புரியாமல்.

பரீட்சையில் பெர்மெத் நினைத்த அளவுக்கு எழுதவில்லை. ஆனாலும் ரஷ்யாவில் டோம்ஸ்க் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இலையுதிர்காலத்தில் கிளம்பிப் போனாள். உலான் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். காலையில் டயர் கடையில் வேலை, மதிய ஷிஃப்டில் பள்ளி. எங்களுக்குத் தெரிந்தவரையில் அதைத் தொடவில்லை. தெரிந்தவரையில் என்றுதான் எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

போன வாரம் நான் குல்சைராவின் வீட்டில் பொத்தான் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெர்மெத் ஃபோன் செய்தாள். குல்சைரா கை வேலையாக இருந்ததால் ஃபோனை மெஷின்மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "உலான் உன்கிட்டப் பேசினானா? குரல் எப்படி இருந்துச்சு?"

நான் ஊசியை நிறுத்தினேன்.

"என்னைப் பத்திக் கேளும்மா" என்றாள் பெர்மெத். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிற குரலில் சொன்னாள்.

குல்சைரா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "சரி, சொல்லு. என்ன சாப்பிட்ட?"

சூப் வைத்ததாகச் சொன்னாள். என்ன சூப், எந்தக் கடையில் இறைச்சி வாங்கினாய், பக்கத்துக் கட்டில் பெண் இன்னும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாளா என்று குல்சைரா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாதியில் வாசற்கதவு சத்தம் போட்டது, உலான் உள்ளே வந்தான். குல்சைராவின் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது, கண் அவன் கண்ணுக்குப் போனது. ஃபோனில் பெர்மெத் பேச்சை நிறுத்திக்கொண்டாள். கதவுச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

குல்சைரா அவனை ஒருமுறை பார்த்துவிட்டு ஃபோன் பக்கம் திரும்பினாள்.

"ம், சொல்லு. உருளைக்கிழங்கு போட்டியா, இல்லையா?"